சாம்பலானுக்கு மாவடு

போன வாரம் சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்த இளைஞன் மடியில் செல்லை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். வாள் உரசும் சத்தம், குதிரைக் கனைப்பு. எட்டிப் பார்த்தேன். கோட்டை, கொட்டுகிற பனி, தோல் அங்கி போட்ட ஓர் ஆள் சுவர் ஏறுகிறான். எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

“இவன் இப்ப செத்துருவாண்ணே” என்றான் அவன், முடி வெட்டுகிறவரிடம்.

“சாகலங்க” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். இரண்டு பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். யாரும் கேட்காமல் நான் வாய் திறப்பது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நடந்தால் அதிகம். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்தத் தொடர் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மத்தியானம் ஒன்றரைக்கு டிவியில் வந்தது. எந்த தேசத்திலோ எடுத்து, தமிழில் பேச வைத்திருந்தார்கள். ராஜாக்கள், மந்திரிகள், பறக்கிற பாம்பு என்று எக்கச்சக்கம். யார் யாருக்கு மாமன், யார் யாருக்குச் சித்தப்பா என்பது கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது தாங்காது. நான் பார்த்தது ஒருத்தனுக்காகத்தான். சாம்பலான். பிணம் எரிக்கிறவர் மகன். கூலிக்கு ஆளைக் கொல்வது அவன் வேலை. அரண்மனையில் எல்லாருக்கும் அவன் வேண்டும், ஆனால் முன்வாசல் வழியாக விடமாட்டார்கள். குதிரை லாயத்துக்கு வரச் சொல்லி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் யாரைக் கொல்ல வேண்டும் என்று சொல்வார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். எனக்கு முப்பத்தாறு, பாக்கியத்துக்கு முப்பத்துமூன்று. அவள் தில்லைநகர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. மாம்பழச் சாலையில் ஒரே அறை உள்ள வீடு. பேசிப் பழக்கமில்லாத இரண்டு பேரை ஓர் அறையில் போட்டுப் பூட்டின மாதிரி இருந்தது. “சாப்டீங்களா?” “சாப்டேன்.” “தண்ணி வந்துச்சா?” “வந்துச்சு.” அதற்கு மேல் ஓடாது.

போதாததற்கு என் மேல் வெங்காய வாசனை. மண்டியில் மூட்டை இறக்குகிறவன் நான். விடியற்காலை போனால் பதினொரு மணிக்கு வேலை முடிந்துவிடும், வாசனை மட்டும் கூடவே வீட்டுக்கு வரும். எலுமிச்சைத் தோல், சீயக்காய், புளி எல்லாம் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன். அன்றைக்கு இரண்டு வாசனை. பாக்கியம் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் மழைக்கு, அவள் வேலை விட்டு வரும் நேரம் குடை எடுத்துக்கொண்டு சிந்தாமணி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அவள் வந்து இறங்கும்போது மழை நின்றுவிட்டது. காவேரிப் பாலத்தில் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். பாலத்தில் மேற்கேயிருந்து காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் மேற்கே, நான் கிழக்கே. என் வாசனை அவள் பக்கம் வர வழியே இல்லை. அந்தத் தைரியத்தில் அன்றைக்குப் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாலம் முடிகிறவரை சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, “அவன் மூஞ்சியப் பாத்து யாராச்சும் பேசுனாங்களா?” என்றாள்.

இல்லை என்றேன்.

“ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தாங்க. என் பேரே அங்க யாருக்கும் தெரியாது.”

அதற்கப்புறம் தினமும் குடை இல்லாமலேயே போனேன். பாலத்தில் ஏறினால் கதை ஆரம்பம், இறங்கினால் முடிவு. கதை நீளமாக இருக்கிற அன்று நடையைக் குறைப்போம். தினமும் அவள் அந்த ஒரே கேள்வியைக் கேட்பாள். தினமும் நான் இல்லை என்பேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாம்பலானைக் கொன்றுவிட்டார்கள். முதுகில் அம்பு, பனியில் குப்புற விழுந்தான், அவ்வளவுதான். சிந்தாமணி வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. அவன் போய்விட்டால் நாளைக்கு நான் எதைப் பேசுவது? மற்றவர்கள் பேர் கூட எனக்குத் தெரியாது. மறுபடியும் சாப்டீங்களா, சாப்டேன்தான்.

“இன்னிக்கு என்னாச்சுங்க?” என்றாள்.

“அம்பு பட்டுச்சு. ஆனா தோள்லதான்.”

மூன்று வாரம் அவனை உயிரோடு வைத்திருந்தேன். மூட்டை தூக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. வெங்காயத்தைக் கொண்டுபோய் உருளைக்கிழங்கோடு அடுக்கித் திட்டு வாங்கினேன். அவனை ஓர் ஆற்றில் இறக்கினேன், அது கோடைக் கொள்ளிடம் மாதிரி கணுக்கால் தண்ணீராகிவிட்டது. கோட்டை கட்டினால் எங்கள் ஊர்க் கோயில் மாதிரி ஏழு சுற்று மதில் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதானே. கடைசியில், அவள் கேள்விக்கு ஒருநாளாவது ஆமாம் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு படகுக்காரியைக் கொண்டுவந்தேன். அவள் அவன் முகத்தைப் பார்த்து, சாப்பிடுங்க என்று சொல்லி, பழைய சோறும் மாவடுவும் வைத்தாள் என்றேன்.

பாக்கியம் நின்றுவிட்டாள். கீழே ஆடித் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

“பனி பெய்யிற ஊர்ல மாவடு ஏதுங்க?”

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“வார்டுல டிவி இருக்கு. அவன் செத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். ரெண்டாம் பெட்டு அம்மா ஒரு பாட்டம் அழுது தீத்தாங்க.”

பிறகு ஏன் தினமும் கேட்டாள் என்று யோசித்தேன். அவள் நடக்க ஆரம்பித்தாள். நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“மாவடு வச்சா. அப்பறம்?”

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கதையை ஓட்டினோம். அவன் கொலைத் தொழிலை விட வேண்டும் என்பது அவள் தீர்ப்பு. விட்டால் பிழைப்புக்கு என்ன செய்வான் என்று கேட்டேன். “மூட்ட தூக்கட்டும். கௌரவமான வேலதான?” என்றாள். அன்றைக்குப் பாலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் வேன் விட்டார்கள். வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வேனில் பாலம் நாலு நிமிஷமாகிவிட்டது. அப்புறம் ஆளுக்கொரு செல் வந்தது. இப்போது அடுப்பு வேலை முடிந்ததும் அவள் காதில் வயரை மாட்டிக்கொண்டு அந்தச் சுவரில் சாய்வாள், நான் இந்தச் சுவரில். நான் பார்த்து அவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, எல்லாம் அவள் செல்லிலேயே வருகிறது. சில சமயம் தானாகச் சிரிப்பாள். என்ன என்று கேட்டால் வயரை எடுத்துவிட்டுச் சொல்லத்தான் செய்வாள். கேட்க வாயெடுப்பேன். அதற்குள் அவள் கையில் அடுத்த வீடியோ ஓட ஆரம்பித்திருக்கும்.