கூப்பிடும் முறை தெரியாத கம்பைலர்

நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அதைத் திருத்தும் வேலையில் பிழை யாருடையதாக இருந்தாலும் முழிப்பது நாம்தான். இதே வேலையில் மாட்டிக்கொண்ட நண்பர்களுக்கு இது புரியும்.

ஒன்பதும் இருபத்தொன்றும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஹட்டன் ஆபீஸில் நான் சேரும் முன் நடந்தது. கூட வேலை செய்த ரேணுகா அக்கா சொன்னது. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த எங்கள் முதலாளி, சொந்தமாக ஒரு கம்பைலர் எழுதியிருந்தார். அதைக் கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்கும் புரோகிராம் செய்தார்கள். ஆளின் நம்பரையும் எடையையும் கொடுத்தால், தராசோடு வந்த ஃபங்ஷன், அதாவது கூப்பிட்டால் ஓடிவந்து ஒரு வேலையைச் செய்யும் குட்டிப் புரோகிராம், சீட்டு அடிக்க வேண்டும்.

எங்கள் கம்பைலர் இரண்டையும் ஒரு வரிசையில் அடுக்கியது. தராசுக்காரர்களின் ஃபங்ஷன் எதிர் வரிசையில் எடுத்தது. ஒன்பதாம் நம்பர் செல்லம்மா இருபத்தொரு கிலோ கொண்டுவந்தார். இருபத்தோராம் நம்பருக்கு ஒன்பது கிலோ என்று சீட்டு வந்தது. செல்லம்மா, ரேணுகா அக்காவைப் பிடித்துக்கொண்டார்: "ஏம்மா, கொழுந்த நிறுக்கச் சொன்னா என் நம்பரயில்ல நிறுத்து வச்சிருக்கீங்க!"

எந்த ஃபங்ஷன்?

அதைத் திருத்தத்தான் என்னை எடுத்தார்கள். தோட்டத்தில் மறுபடி ஒரு சோதனை. சரியாக வந்தால் வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் முதல் பட்டதாரி நான். அப்பா அதை இறம்பொடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

என்ன வேலை என்று கேட்டார். "ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனக் கூப்பிடுறப்ப முறை மாறாமப் பாத்துக்கணும்ப்பா" என்றேன். அப்பா உடனே எச்சரித்தார்.

"முறை மாத்திக் கூப்பிட்டா சண்டதான்டா வரும். என்ன ஃபங்ஷன், கல்யாணமா, சடங்கா?"

இலை எடுப்பது

வரிசையைத் திருத்தினேன். அடுத்த தொல்லை வந்தது. அடுக்கிய எண்களை வேலை முடிந்ததும் யாராவது எடுத்துவிட வேண்டும். எங்கள் ஃபங்ஷன்கள் தாங்களே எடுத்துவிடும்; தராசுக்காரர்களுடையதற்குக் கூப்பிட்டவர்தான் எடுக்க வேண்டும். பயத்தில், எல்லா இடத்திலும் கூப்பிட்டவரே எடுக்கும்படி மாற்றிவிட்டேன். புரோகிராம் பொத்தென்று விழுந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, பந்தியிலை இலையைக் கூப்பிட்டவன் எடுக்கிறதும் முறைதான், சாப்பிட்டவன் எடுக்கிறதும் முறைதான். ரெண்டுபேரும் எடுத்தா பக்கத்திலை சாப்பிடுறவன்ர இலையெல்லே போகும்!"

பதினெட்டுக்குப் பதினெட்டு

ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முன்னால் அது எந்த முறை என்று குறிக்க வைத்து, கம்பைலருக்கு இரண்டு முறையையும் பழக்கினேன். சோதனை நாளில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசை வைத்தோம். தோட்டத்தை நடத்தும் துரையும் வந்திருந்தார். முதலில் பதினெட்டாம் நம்பர். எடை பதினெட்டு கிலோ. சீட்டு வந்தது. துரை எனக்குக் கைகொடுத்தார், முதலாளி சிரித்தார்.

நான் சீட்டை மறுபடி படித்தேன். இரண்டும் ஒரே எண் என்றால் இடம் மாறினாலும் தெரியாதே! பேசாமல் இருந்தால் வேலை நிரந்தரம். வாய் கேட்கவில்லை. "சேர், இது கணக்கில்ல. இன்னொரு ஆளையும் நிறுத்துப் பாப்போம்" என்றேன். முதலாளியின் சிரிப்பு நின்றது.

நாற்பதாம் நம்பர் ராக்காயி வந்தார். பதினாறு கிலோ. சீட்டிலும் அப்படியே நாற்பது, பதினாறு. சீட்டைக் கொடுத்த என் கையை ராக்காயி உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி இந்த நடுக்கம்? நிறுத்தது எங்க கொழுந்தத்தானே, ஒங்களயா?"

வேலை நிரந்தரமான பிறகு பழைய கம்பைலரிலும் பதினெட்டுக்குப் பதினெட்டைப் போட்டுச் சரிபார்த்தேன், அதுவும் அந்தச் சீட்டைப் பிழையில்லாமல்தான் அடித்தது. ஆகவே துரை அன்று எதற்குக் கைகொடுத்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.