பந்திங் சாலைப் பீட் காடு: மூன்று முறை போய் ஒரு முறை உள்ளே

இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை. புகையைப் படம் எடுத்து யாருக்கு என்ன பயன்? இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் டெங்கிலுக்கும் பந்திங்குக்கும் நடுவே இருக்கும் காப்புக்காட்டுக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை திரும்பி வந்தேன், ஒரு முறை உள்ளே விட்டார்கள். அங்கே உள்ள கால்வாய்க் கரை நடைபாதையைப் பற்றிப் போன ஆண்டு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு "இப்போது போகலாமா" என்று இன்னமும் கேட்கிறீர்கள். போக முடியாது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் உல்லாசமாகப் போகவில்லை. என் தம்பி சேகருக்கு ஐம்பத்தொரு வயது. பண்டமாரானில் வீடு, துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். பிப்ரவரியில் நெஞ்சு வலி வந்து பார்த்ததில் மூன்று குழாயில் அடைப்பு என்றார்கள். பைபாஸ் செய்யத் தேதியும் கொடுத்துவிட்டார்கள், இருபத்திரண்டு நாள் இருந்தது. இவன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அந்தக் காட்டுக்குள் இருக்கும் முனியாண்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்தாம். அவன் மனைவி அழுது பார்த்தாள், நான் கத்திப் பார்த்தேன். கடைசியில் காரை எடுப்பதுதான் சுலபம் என்று தோன்றியது.

முதல் பயணம் ஒரு சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் என் பிளாட்டிலிருந்து காலை 6.40-க்குக் கிளம்பினேன். ஃபெடரல் ஹைவே வழியே போனால் டோல் கிடையாது. பண்டமாரான் வரை 40 கிலோமீட்டர், 55 நிமிடம். அங்கே சேகரை ஏற்றிக்கொண்டு தெலுக் பங்ளிமா காராங், கேரி தீவுச் சந்திப்பு, பந்திங் வழியாகக் காட்டு வாசல் வரை இன்னொரு 46 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நேரே போகிறவர்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை, 55 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பந்திங் தாண்டியதும் வெயில் மஞ்சளாக மாறியது. கண்ணாடியை ஏற்றிவிட்டும் உள்ளே குப்பை எரிக்கிற வாடை வந்தது.

வாசலில் சங்கிலி. அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தில் தீ காரணமாகப் பகுதி மூடப்பட்டது, மறு அறிவிப்பு வரும்வரை நுழையத் தடை என்று மலாயில் எழுதியிருந்தது. காவலுக்கு ஒரு வயதான மலாய்க்காரர், முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் போல அன்று காலையிலேயே நான்கு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம், அதில் இரண்டு சைக்கிள்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்களாம். நான் எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். சேகர் அதைக் கேட்கவில்லை. "தீ எங்க ஆரம்பிச்சது, பாக்சிக்?" என்று அந்தப் பெரியவரை மலாயில் கேட்டான். அவர் கையை விரித்தார்.

வீட்டில் இருக்கும்போது ஒரு ஆஸ்த்மாக்காரனைப் போல மூச்சு வாங்குகிற ஆள், அந்தப் புகையில் பத்து நிமிடம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இழுத்து வந்து வண்டியில் போட்டேன். பந்திங்கில் ஒரு கடையில் நிறுத்தி இரண்டு தே தாரிக் டீ, ஒரு ரொட்டி சானாய் வாங்கினேன். 5 ரிங்கிட் 80 காசு. ரொட்டியை அவன் தொடவேயில்லை.

"என்னடா உனக்கு? சாமி எங்க போயிரப் போகுது? ஆபரேஷன் முடிச்சிட்டு வந்து கும்பிடு லா," என்றேன்.

"கும்பிட இல்லக்கா," என்றான். டம்ளரைத் தள்ளி வைத்தான். "நான்தான் கொளுத்திட்டனோன்னு பாக்கணும்."

இதைப் புரிந்துகொள்ள அந்த வழக்கம் தெரிய வேண்டும். துறைமுக லோரிக்காரர்கள் சிலருக்கு அந்த முனியாண்டிதான் காவல். புது டயர் போட்டாலும், விபத்தில் தப்பித்தாலும் போய் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு வருவார்கள். அதை அணைக்கக் கூடாது. சாமி பிடிக்கிற சுருட்டு, அது தானாக எரிந்து முடிய வேண்டும். முடியும்வரை பக்கத்தில் நிற்பதும் உண்டு, அவசரக்காரர்கள் நிற்காமல் வருவதும் உண்டு. சேகர் எப்போதும் நிற்கிறவன்தான். பிப்ரவரி நடுவில் தனியாகப் போய்ச் சுருட்டை வைத்தவனுக்கு அங்கேயே நெஞ்சை அடைத்திருக்கிறது. எரிகிற சுருட்டை அப்படியே விட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறியிருக்கிறான். பத்து நாள் கழித்துக் காட்டில் புகை என்று செய்தி வந்தது.

"நான் செஞ்சிருந்தா, நான் பொழச்சு வந்து என்னக்கா?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பயமும்தான். அந்தத் தாளில் அவன் கையெழுத்து விழுவதும் விழாததும் இப்போது ஒரு கல்லைச் சுற்றி இருக்கும் மண்ணில் இருந்தது.

இரண்டாம் பயணம் வன அலுவலகத்துக்கு. இதில் தப்பு என்னுடையது. வெள்ளிக்கிழமை போனேன், அதுவும் 12.30-க்கு. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக மதியம் 12.15 முதல் 2.45 வரை கவுண்டர் கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். காருக்குள் இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏசி போட்டால் பெட்ரோல், போடாவிட்டால் புகை.

கவுண்டர் திறந்ததும் வழக்கமான நுழைவு அனுமதியே கொடுப்பதில்லை என்றார்கள். சாதாரண நாளில் அது ஆளுக்கு ஐந்து ரிங்கிட். நான் நகராமல் நின்றதைப் பார்த்து உள்ளேயிருந்து ரேஞ்சர் வந்தார். நாற்பது வயது இருக்கும், மலாய்க்காரர். எஸ்டேட் ஓரத்தில் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகவே வந்தது. தம்பிக்கு ஆபரேஷன், அந்தக் கோயிலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சுருட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"நோயாளிய விட முடியாதுக்கா. இந்தப் புகையில எனக்கே தலை சுத்துது," என்றார். "நீங்க ஒரு ஆள் வாங்க. லெட்டர் எழுதிக் குடுங்க, புதன்கிழமை காலையில ரோந்து போறப்ப கூட்டிட்டுப் போறேன். சூடம் கூடாது, ஊதுபத்தி கூடாது, தீப்பெட்டி கையிலயே இருக்கக் கூடாது. பூட்ஸ் போட்டுட்டு வாங்க."

ரப்பர் பூட்ஸ் ஹார்ட்வேர் கடையில் 25 ரிங்கிட். இன்னும் பால்கனியில் கிடக்கிறது, வாடை போகவில்லை.

புதன்கிழமை காலை 8 மணிக்கு வாசலில் இருந்தேன். ஆபரேஷனுக்கு எட்டு நாள். ரேஞ்சரும், தண்ணீர்க் குழாய் இழுக்கிற இரண்டு பேரும், நானும். வாசலிலிருந்து கோயிலுக்குக் கால்வாய்க் கரையில் 2.3 கிலோமீட்டர். சாதாரணமாக 35 நிமிடத்தில் நடந்துவிடலாம், அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ரேஞ்சர் ஒரு கம்பால் தரையைத் தட்டித் தட்டி முன்னால் போனார், அவர் கால் வைத்த இடத்தில்தான் நான் வைக்க வேண்டும். பீட் என்பது பார்க்க மண் மாதிரித் தெரியும். உண்மையில் அது காலங்காலமாகத் தண்ணீரில் மக்காமல் கிடக்கும் இலையும் வேரும். தண்ணீர் வற்றினால் தரையே எரியும், அதுவும் உள்ளுக்குள். மேலே நெருப்பே தெரியவில்லை. பச்சையாக நின்ற ஒரு மரம் எங்களுக்கு இருபதடி தள்ளி, காற்றே இல்லாமல், மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. அடியில் வேர் எரிந்து போயிருந்தது. அந்த இரண்டு பேர் அன்று பதினெட்டாவது நாளாக அங்கே வேலை பார்க்கிறார்களாம், கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

கோயில் என்று சொல்ல அங்கே இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சூலம் நின்றது. சுருட்டு வைக்கும் கல்லைக் காணோம். ரேஞ்சர் கம்பால் காட்டினார், கல் ஒரு குழிக்குள் கிடந்தது. என் இடுப்பளவு ஆழம்.

"தீ எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை, இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.

"மத்த இடம் எல்லாம் முழங்கால் அளவுதான் எரிஞ்சிருக்குக்கா. இங்கதான் இவ்வளவு ஆழம். ரொம்ப நாள் எரிஞ்ச இடம் இதுதான்," என்றார். "இங்கருந்துதான் போயிருக்கும். சூடமோ சுருட்டோ. யாருன்னு தெரியாது. காரணம் தெரியலன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கேன்."

எனக்குத் தெரியும் என்று அங்கே நான் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரின் கண்ணுக்கு எதிரே நின்றுகொண்டு சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கும்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

திரும்பும் 46 கிலோமீட்டரும் என்ன பொய் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். காட்டு ஓரத்துக் காய்கறித் தோட்டத்துப் பக்கமிருந்து தீ வந்ததாம் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவான், கையெழுத்துப் போட்டுவிடுவான். கேரி தீவுச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அந்தப் பொய்யை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் வீட்டு வாசலில் இறங்கி வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தியவன், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என் பூட்ஸில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தான். எனக்கும் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அங்கருந்துதாண்டா," என்றேன். கல், குழி, ஆழம் எல்லாம் சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து காரைக் கழுவத் தொடங்கி, பாதி முடித்துவிட்டார். அப்புறம் சேகர், "ஆபரேஷன் முடிஞ்சு எத்தன நாள்ல நடக்கலாம்னு சொன்னாங்க?" என்றான்.

"ஆறு வாரம். ஏன்?"

"அந்த ஆபிசுக்குப் போய்ச் சொல்லணும்க்கா. இப்படி மூச்சு வாங்கிக்கிட்டுப் போய் நின்னா, பாவம் நோயாளின்னு விட்டுருவாங்க. நல்லா ஆகிப் போய்ச் சொல்லணும்." மறுநாள் காலை அவனே போய்த் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

இனி உங்களுக்கானவை. காடு இன்னும் மூடித்தான் இருக்கிறது, மழை பெய்துவிட்டது என்று நம்பிப் போகாதீர்கள். மேலே நனைந்தாலும் அடியில் எரிவது நிற்க வாரக்கணக்கில் ஆகும் என்றார் ரேஞ்சர். கிளம்புவதற்கு முந்தின நாள் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். காற்று மாசு குறியீடு நூறைத் தாண்டினால் வீட்டிலேயே இருங்கள். சங்கிலியைத் தாண்டிக் குதித்துப் போய்ப் படம் போடுகிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்கள் கால் வைத்த இடம் கெட்டியாக இருந்தது அவர்களுடைய நல்ல நேரம். திறந்த பிறகு அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் சூடம் ஏற்றாதீர்கள். சுருட்டை வைத்தால் பற்றவைக்காமல் வையுங்கள். சாமி கோவித்துக்கொள்ளும் என்று லோரிக்காரர்கள் முணுமுணுக்கிறார்களாம். கோவித்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சேகரைக் கூட்டிக்கொண்டு போனேன். காலை 10.20-க்குக் கவுண்டரில் நின்றோம். அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தான், தையல் தெரியாமல் இருக்க. ரேஞ்சரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எனக்குக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது.

"யாரும் உங்களத் தேடலையே அண்ணே. ஏன் வந்தீங்க?" என்றார்.

"நான் விட்டுட்டு வந்த நெருப்பு, பாஸ். உங்க ஆளுங்க இத்தன நாளா அணைச்சாங்க," என்றான் சேகர்.

அவர் ஒரு படிவத்தை எடுத்து நிதானமாக எழுதினார். அடையாள அட்டையை நகல் எடுத்துக்கொண்டார். மேலே அனுப்ப வேண்டும், அபராதமா வழக்கா என்பது தனக்குத் தெரியாது, கடிதம் வரும் என்றார். சேகர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இதை எழுதும் இன்றுவரை கடிதம் வரவில்லை.

திரும்பும்போது பந்திங் சிக்னல் வருவதற்குள் தூங்கிவிட்டான். பிப்ரவரியிலிருந்து அவன் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று அவன் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள், மருந்து கொடுத்தும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பானாம். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டைகூட வந்தது. பண்டமாரான் வந்ததும் எழுப்ப மனம் வரவில்லை. வீட்டைத் தாண்டிப் போய், துறைமுகச் சாலையில் பெட்ரோல் முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.