பேசிட்டே ஓட்டினானாம்

பிள்ளைகளுக்குச் செயப்பாட்டு வினை நடத்தும்போது ஒரு விதியைத் தொண்டை வறளக் கத்துவேன். "'பீப்பிள் சே'ன்னு வந்தா 'ஈஸ் செட் டு'ன்னு மாத்து. கடைசியில 'பை பீப்பிள்' எழுதாதே." சொன்னது யாரென்று இங்கிலீஷுக்கு அக்கறையில்லை. தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? நமக்கு ஒரு 'ஆம்' போதும். ஓடிட்டாளாம், குடிச்சானாம். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

திருச்செங்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் லாரி டிரைவர். நாக்பூரைத் தாண்டி ஒரு மத்தியானம், வண்டி பாலத்துச் சுவரில் மோதி, மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சம்சாரம் அந்த நேரம் தறிப்பட்டறையில் வேலையில் இருந்தாள். உடம்பு வந்து, எடுத்து, எரித்து முடித்த மறுநாள் லாரி ஓனர் ஒரு இங்கிலீஷ் பேப்பர் செய்தியை அவள் போனுக்கு அனுப்பினார். வீடு நிறைய ஒரம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. மாமியார்க்காரி என்னைக் கூப்பிட்டு, "டீச்சரு, நீ படிச்சுச் சொல்லு சாமி" என்றாள்.

படித்தேன். "டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது." அந்தச் 'சொல்லப்படுகிறது'வை நிறுத்தி, அழுத்தித்தான் சொன்னேன். யார் காதில் விழுந்தது?

"பேசிட்டே ஓட்டினானாம்" என்றாள் மாமியார். காப்பித் தண்ணி வந்து சேர்வதற்குள் அந்த 'ஆம்' உதிர்ந்துவிட்டது. பேசிட்டே ஓட்டினான். யாரோடு பேசுவான்? பெண்டாட்டியோடுதான். நை நைன்னு போன் போட்டே எம்பையனைக் கொன்னுட்டாளே என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, இதைச் சொன்ன ஆளு யாருன்னே இதுல இல்லீங்க" என்றேன்.

இறந்தவரின் பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கிலீஷ் பேப்பர்க்காரன் பொய்யாப் போடுவானா அம்மிணி? நெருப்பில்லாமப் பொகையுமா?"

அடுத்த நாள் அந்தப் பெண் என் சமையல்கட்டுக்கு வந்து போனை நீட்டினாள். "பாருங்க டீச்சர். அன்னைக்கு அவரும் கூப்பிடல, நானும் கூப்பிடலீங்க. தறிச் சத்தத்துல என்னத்தப் பேசறது? நான் கொல்லலைன்னு நீங்களாச்சும் சொல்லுங்க." பார்த்தேன். நிஜந்தான். கடைசியாகப் பேசியது முந்தின நாள். "வா, எல்லார் முன்னாடியும் காட்டு, நானும் வாரேன்" என்று இழுத்துக்கொண்டு போனேன். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஆமா, பேசல" என்றார். மாமியார் மெதுவாகக் கேட்டாள்.

"இவகூட இல்லீன்னா, எம்பையன் யாருகூடப் பேசுனான்?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "வடக்க போற வண்டிக்காரனுக்கு அங்கங்க ஒண்ணு இருக்குமின்னு சொல்லுவாங்க." செத்தவர் பேசாமலே வண்டி ஓட்டியிருக்கலாம் என்று ஒரு ஜீவனுக்குத் தோன்றவில்லை. நான் சொன்னேன். காற்றில் போயிற்று. இன்னொரு காப்பிக்குள் அவருக்கு வடக்கே ஒருத்தி இருந்தாளாம் என்று ஆகிவிடும். செத்தவருடைய மகள், ரெண்டாங்கிளாஸ் பிள்ளை, பாட்டி மடியில் உட்கார்ந்து எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மாக்காரியும் பிள்ளையைத்தான் பார்த்தாள். பெரியப்பா கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எங்கூடத்தானுங்க அத்தை பேசிட்டிருந்தாரு. நாந்தான் கூப்பிட்டேன். பயந்துக்கிட்டு அதை அழிச்சுட்டேன்."

மாமியார் கையால் பளாரென்று விழுந்தது ஒரு அறை. அவள் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. மாமியார் முகத்தில், எனக்கென்னவோ, ஒரு நிம்மதி தெரிந்தது. மகன் யோக்கியன் என்று ஆகிவிட்டதே.

இன்றைக்கும் எங்கள் வீதியில் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். இப்போது 'ஆம்' போடுவதில்லை. சொன்ன ஆள்தான் கிடைத்துவிட்டாளே.