பழைய டின் முன்னால்

பிரியாணிக் கடையில் தட்டு கழுவுகிறவர் கழுவிய தட்டுகளை அடுக்கின் மேலேயே வைத்தார். பரிமாறுகிறவரும் மேலிருந்தே எடுத்தார். அடித்தட்டுகளுக்கு அன்று முழுக்கப் பிரியாணி கிடைத்திருக்காது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயைத் தொட்ட என் விரல் அப்படியே நின்றது. எங்கள் ஸ்டோரும் இதுதானே?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஸ்டோரில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். இழுத்துப் பார்க்கும் சோதனையில் சோல்கள் கழன்று வந்தன. ஒட்டும் சொல்யூஷன் காலாவதியாகியிருந்தது. ஸ்டோர் பொறுப்பாளர் பாய் மேல் பழி. இன்னொரு முறை நடந்தால் ஸ்டோரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

ரேக் சுவரோடு ஒட்டி இருந்தது. புது லோடை முன்னால் வைப்பார்கள், எடுப்பதும் முன்னாலிருந்தே. பழைய டின்கள் சுவரைப் பார்த்தபடி கெட்டுப்போகும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். தட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"பாய், ரேக்கை சுவத்துலேர்ந்து தள்ளிப் போட்டுடலாம். பின்னாடி வைப்போம், முன்னாடி எடுப்போம்."

"அந்த சந்துல நான் எப்டிப்பா போறது? தொப்பையக் கழட்டி வெச்சுட்டா?"

"நீங்க முன்னாடியே நில்லுங்க பாய். பின்னாடி நான் போறேன்."

"ஒல்லியா இருக்கறதுல இவ்ளோ லாபமா? சரி, தள்ளு."

ரேக் தட்டில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடும் போட்டேன். சென்னையிலிருந்து அடுத்த லோடு வரும்வரை தேவைப்படும் டின்கள், மழையில் லாரி தாமதித்தால் சமாளிக்க இன்னும் கொஞ்சம். இரண்டும் சேர்ந்த அளவு அது. முன்னால் எடுக்க எடுக்க மீதியைப் பின்னாலிருந்து முன்னே தள்ளுவேன்; டின் வரிசையின் வால் கோட்டைத் தொட்டால் ஆர்டர் போட வேண்டும். பாடத்தில் இதற்கு மறு ஆர்டர் நிலை என்று பெயர். பாய்க்கு அது 'செவப்பு லைன்'.

அடுத்த சோதனையன்று சோல் பிரிவு அக்கா ஒரு ஷூவோடு வந்தார். பாயின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா, மறுபடியும் வந்துடுச்சா?"

"சோல் வரல பாய். இழுத்த இழுப்புல மேல் தோல்தான் கிழிஞ்சுது. சொல்யூஷன் ஜாஸ்தி வேலை செய்யுது."

தோல் கிழிந்தும் சோல் விடவில்லை என்றால் ஒட்டு அத்தனை பலம். பாய் என் தோளில் கை போட்டு, "நம்ம தோஸ்த் வேலை" என்றார். கிழிந்த அந்த ஷூ இன்றும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. ஸ்டோருக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

இப்போது என் கண் தோல் அறைமேல். அங்கே இந்த விதி மட்டும் போதாது. ஒரு தடவை வந்த லாட்டின் பழுப்பு அடுத்த லாட்டின் பழுப்பு இல்லை, கலந்துவிட்டால் ஜோடியில் இடது ஒரு நிறம், வலது ஒரு நிறமாகிவிடும். அதனால் ஒவ்வொரு ஆர்டரிலும் மீந்த தோல் அசையாத சரக்காகக் குவிந்து கிடக்கிறது. அதை நிறவாரியாகப் பிரித்து, குழந்தைகள் ஷூவுக்குத் தேறுமா என்று பார்க்கப்போகிறேன். திங்கட்கிழமை அறைச் சாவியைத் தருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.