யாரும் எடுக்காத புத்தகங்கள்

எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அதைத் திட்ட ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுவேன். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நடந்ததில் கம்ப்யூட்டரின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இத்தனை வருஷமாகியும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. அதில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கல்யாணமாகி சிம்பாங் பூலாயில் குடியிருந்தேன். கணவருக்கு ஈயச் சுரங்கத்தில் வேலை. தினமும் காலையில் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து ஓடுவேன்.

நூலகத்தின் பின்சுவரை ஒட்டிய கடைசி வரிசைதான் தமிழ் அலமாரி. முந்நூறு புத்தகங்களுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சிறுவர் கதைகள், பாட்டுப் புத்தகங்கள், இலக்கணம், நாவல்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் நான் ஒருத்திதான் என்பதால் அது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு.

அப்போது புத்தகம் இரவல் கொடுக்கிற முறை எளிது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். அதற்குள் ஓர் அட்டை. எடுப்பவர் பெயரை அட்டையில் எழுதி, கவுண்டர் பெட்டியில் போட்டுவிட்டு, புத்தகத்தில் ஒட்டிய தாளில் திருப்ப வேண்டிய தேதியைக் குத்த வேண்டும். இரண்டு வாரம்தான் கெடு. தாண்டினால் தண்டம், பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். அதோடு, கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் புத்தகம்.

இங்கேதான் என் சாமர்த்தியம் ஆரம்பித்தது. எங்களிடம் பயிற்சி முடித்தவர்களைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். அங்கே நூலகம் என்று ஓர் அலமாரி இருக்கும். அதற்குள் கிழிந்த தேசப்படமும் சாக்பீஸ் பெட்டியும் இருக்கும். பள்ளி விடுமுறையில் அவர்கள் என்னிடம் வந்து நிற்பார்கள்.

"அக்கா, நாலு கதப் புத்தகம் குடுங்கக்கா. அடுத்த லீவுல கொண்டாந்துடுறேன்."

சட்டப்படி கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். பெயர் எழுதவில்லை, தேதி குத்தவில்லை. அட்டையை உருவி, பள்ளியின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்து, என் மேசை இழுப்பறையில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவேன். இரண்டு மாதம் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகும் மாணவர்களுக்கும், நாளடைவில் தமிழ்ப் புத்தகம் எடுத்த எல்லோருக்குமே, இதே வழிதான். தேதி குத்தினால்தானே தண்டம்? புத்தகங்கள் போகும், வரும். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது வேறொரு தோட்டத்துக்கு மாறி, முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் கையில் திரும்பி வரும். ஒன்றிரண்டு மழையில் ஊறி வரும். மூலை மடங்கி, பக்கங்களில் குழம்புக் கறையோடு வருகிற புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். தேதித் தாள் மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே வெள்ளையாக இருக்கும். எவ்வளவு பேரைத் தண்டத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறோம் என்று என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, கம்பளம், ஏர்கான். பிள்ளைகள் படிக்கிற கூடத்தில் இருந்த இரண்டு காற்றாடிகளில் ஒன்று தன் இஷ்டப்படிதான் சுற்றும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். நாங்கள் கோயிலுக்குப் போவது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கிறிஸ்தவத் தமிழ்ப் பையன் வந்தான். கோலாலம்பூரில் பயிற்சி எடுத்தவன், பேச்சு முடிவில் ஒரு 'லா' சேர்ப்பான், நல்ல பிள்ளை.

நூலகத்தின் புத்தகங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். தமிழ் வரிசையை நானே ஏற்றுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். எண், பெயர், எழுதியவர், எந்த வரிசை, கடைசியாக இரவல் போன தேதி. இவ்வளவுதான் கேட்டது. முதல் புத்தகத்திலேயே கை நின்றது.

"தம்பி, இதுல தேதியே இல்லயே. என்ன போடுறது?"

"சைபர் போடுங்கக்கா. சும்மா விட்டா மிஷின் எடுக்காது லா."

போட்டேன். அடுத்ததற்கும் சைபர். அதற்கு அடுத்ததற்கும். தோட்டங்களில் இருந்த புத்தகங்களைக்கூட விடவில்லை. டின்னில் கிடந்த அட்டைகளைப் பார்த்து அவற்றையும் ஏற்றினேன். மூன்று வாரம் சைபராகவே தட்டினேன். கை பழகிப் போய், பார்க்காமலே தட்டுகிற வேகம் வந்துவிட்டது. அந்தத் தேதி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. பையன் என் வேகத்தைப் பாராட்டினான், எனக்கு அது போதுமாயிருந்தது.

சில மாதம் கழித்துத் தலைமை நூலகர் கூப்பிட்டார். மலாய்க்கார அம்மாள், நாங்கள் புவான் என்றுதான் அழைப்போம். மேசைமேல் நீளமான காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. ஐந்து வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியல். அவற்றைக் கழித்துவிட்டு, அந்த இடத்தில் மாணவர்கள் புத்தகம் தேடிப் பார்க்கக் கம்ப்யூட்டர்கள் வைக்கப் போகிறார்களாம்; கல்லூரிக் கூட்டத்தில் அது முடிவாகுமாம். எங்கள் கடைசி வரிசை முழுசாக அதில் இருந்தது. ஒரு புத்தகம்கூடத் தப்பவில்லை.

"படிக்கிறார்கள் புவான்," என்றேன் மலாயில். "தோட்டத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள்."

"பதிவு எங்கே?"

டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தேன். சீட்டுகள் தமிழில் இருந்ததால் ஒவ்வொன்றாக நானே படித்து மலாயில் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் முடிந்ததும் மூடியை எடுத்து அவரே மூடினார்.

"இதை நான் பார்க்கவில்லை. நீங்களும் காட்டவில்லை," என்றார். அரசாங்கச் சொத்தை வருஷக்கணக்கில் பதிவில்லாமல் வெளியே விட்டிருக்கிறேன். விசாரணை வந்தால் வேலை போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார்.

"இதைக் கூட்டத்தில் காட்டினால் புத்தகங்கள் நிற்குமா, புவான்?"

"நிற்கலாம். ஆனால் உங்களுக்கு வேலை இருக்காது."

கூட்டம் புதன்கிழமை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த சமயம் அது. என் கணவர் வீட்டோடு உட்கார்ந்து இரண்டு மாதமாகியிருந்தது. நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலில் தப்பும் கிடையாது.

கூட்டத்துக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பட்டியலின் அந்தப் பக்கம் வந்ததும் கல்லூரி முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். அறையில் இருந்த ஒரே தமிழச்சி நான்.

"தமிழ்ப் புத்தகங்களைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

மரியாதையாகத்தான் கேட்டார். புவான் என்னைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "இல்லை" என்றேன். அந்த இடத்தில் யாராவது என்னை அதட்டியிருந்தால்கூட எனக்கு ரோஷம் வந்து பேசியிருப்பேன். யாரும் அதட்டவில்லை.

அலமாரியில் மிச்சமிருந்த புத்தகங்களின் முதல் பக்கத்தில் 'பாத்தால்' என்று, அதாவது ரத்து என்று, முத்திரை குத்துகிற வேலையும் எனக்கே வந்தது. பழைய பேப்பர் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. தோட்டங்களில் இருந்தவற்றைக் 'காணாமல் போனவை' என்று எழுதி எண்களை அழித்தார்கள். படிக்கப்பட்ட புத்தகம் காணாமல் போனது. படிக்கக் காத்திருந்த புத்தகம் உதவாதது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யார்மேல் கொதிக்கிறது என்றுதான் தெரிவதில்லை.

பையன் என்னைத் தேற்றப் பார்த்தான்.

"விடுங்கக்கா. இன்னும் கொஞ்ச வருஷத்துல கோலாலம்பூர் லைப்ரரில என்ன புத்தகம் இருக்குன்னு இங்க உக்காந்தே பாத்துடலாம் லா."

"பாத்துட்டு? தோட்டத்துக்கு யாரு கொண்டு போவா, நீயா?"

பாவம், அவன் முகம் சுருங்கிப் போனது. அவன்மேல் எரிந்து விழுந்திருக்க வேண்டியதில்லை.

வருஷக் கடைசி விடுமுறையில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். எங்களிடம் படித்தவர்தான். இரண்டு பஸ் மாறி, தோளில் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வந்திருந்தார். வேர்த்து வடிந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டாங்கக்கா. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க சண்ட போட்டுக்கிட்டுப் படிக்குதுங்க. வேற மாத்திக் குடுங்க."

சொல்லிக்கொண்டே பழக்கப்பட்ட காலோடு கடைசி வரிசைப் பக்கம் போனார். அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள் உறை போட்டு மூடி இருந்தன. திரும்பி வந்தார்.

"அலமாரிய எங்கக்கா மாத்தியிருக்கீங்க?"

"இல்ல டீச்சர். எடுத்துட்டாங்க. யாரும் படிக்கலன்னு எழுதி, கழிச்சிட்டாங்க."

"யாரும் படிக்கலன்னு யாரு எழுதுனது?"

அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேதித் தாளைப் பற்றி, சைபரைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். பையில் இருந்த புத்தகங்களை இனி நூலகம் ஏற்காது, பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி மட்டும் குத்தியிருந்தா இருந்திருக்குமாக்கா?"

"இருந்திருக்கும்."

"தண்டம்தானே? நாங்க கட்டியிருப்போமே."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் அக்கா, பஸ் நிலையத்திலேயே நின்றுகொள்கிறேன் என்று போய்விட்டார்.