இரண்டாவது மாத்திரை

என் தங்கைக்கு மூச்சிளைப்பு நோய் இருந்தது. வரிச்சிக்குடியில் அதனை அறிந்தவர் மூவர் மட்டுமே: அவள், எங்கள் தாயார், நான். நான்காமவர் ஒருவர் அறிந்தால் அவளுக்குத் திருமணம் நடவாது என்று தாயார் உறுதியாக நம்பினார். தந்தையார் காலமாகிவிட்டபடியால், அந்த மறைவைக் காக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. எழுபதுகளின் பிற்பகுதி அது. அவளுக்கு இருபது வயது, எனக்கு இருபத்தைந்து.

ஆகவே வைத்தியம் அனைத்தும் ஒளிவாகவே நடந்தது. முதலில் தருமபுரத்திலிருந்த சித்த வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். ஆடாதோடையும் கண்டங்கத்திரியும் திப்பிலியும் சேர்த்துக் கஷாயமிடச் சொன்னார். தயிரையும் பூசணியையும் விலக்கினார். கற்பூரம் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்க்கப் பணித்தார். கஷாய வாடை தெருவிற்கு எட்டுமென்று அஞ்சி, மாட்டுக் கொட்டகையின் பின்புறம் விறகடுப்பு மூட்டினோம். அந்த அடுப்பின் புகையில் குனிந்து நின்றே அவள் தன் மருந்தைக் காய்ச்சினாள். புகை அவளுக்கு ஆகாது என்பது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஹோமியோபதி உருண்டைகள் கொடுத்தார். கற்பூர வாடை பட்டாலே தம் மருந்து முறிந்துவிடும் என்றார். எண்ணெயை நிறுத்தினோம். மூன்று மாதம் சென்றபின் உருண்டைகளை நிறுத்திவிட்டு எண்ணெய்க்கே திரும்பினோம். மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம் தாயார் வெறும் சளி என்று மட்டும் சொல்லிவைத்தார். அந்த அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "வயல் நண்டப் புடிச்சு இடிச்சு, மொளகு தூக்கலாப் போட்டு ரசம் வச்சுக் குடுக்கா. கடல் நண்டு வேணாம். என் யாவாரம் போனாலும் போவுது, இதுக்கு வயல் நண்டுதான்" என்றார். வரப்போரம் நண்டு பிடித்து வந்தேன். ரசம் மிகுந்த சுவையாக இருந்தது. இளைப்பு இருந்தபடியே இருந்தது.

இறுதியாகக் காரைக்கால் நகரில் இங்கிலீஷ் மருத்துவர் ஒருவரை அடைந்தோம். வாரந்தோறும் பேருந்தேறிச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊராருக்கு அதனைத் தையல் வகுப்பு என்று சொல்லிவைத்தோம். அவர்கள் நம்பியதுடன் நில்லாது, ரவிக்கைத் துணிகளையும் கொடுத்தனுப்பினர். வேறு வழியின்றி, அவற்றை நகரத்துத் தையற்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்தோம். "ஒன் தங்கச்சிக்கு நல்ல கைப்பா. அளவு ரவிக்கையப் பாத்தே அச்சாத் தச்சுப்புடுது" என்று பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பாராட்டினார். தலையசைத்தேன்.

ஊசியுடன் மருத்துவர் சிறு வெள்ளை மாத்திரைகளும் கொடுத்திருந்தார். விழுங்கிய அரைமணியில், நெஞ்சினுள் ஒலிக்கும் சீழ்க்கை அடங்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதற்கு மேல் கொடுத்தால் படபடக்கும் என்று எச்சரித்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடையாகி நெல் வீடு வந்த பின்னரே மணப்பேச்சு எழும்; பெண் பார்க்க வருவோர் தையில்தான் வருவர். களத்துத் தூசியும் வைக்கோற் சுணையும் பனியும் கூடி, அவள் மூச்சை ஆண்டிலேயே மிகக் கடுமையாக நெருக்கும் மாதமும் அதுவே. ஆடியில் அவள் எவரையும்போல் நன்றாக மூச்சுவிட்டாள். ஆடியில் எவரும் பெண் பார்க்க வருவதில்லை.

அத்தகைய தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு வருவதாக ஒரு குடும்பத்தார் சொல்லியனுப்பினர். ஒன்பதுக்கு மாத்திரை கொடுத்தேன். சீழ்க்கை அடங்கியது. ஆனால் பேருந்து தாமதித்து, அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது பத்தரையாகி ராகு காலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு வரை எங்கள் வாசற்படி மிதிக்க மனமின்றி, தெருக்கோடியிலிருந்த உறவினர் வீட்டில் அமர்ந்துவிட்டனர். பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக என் தங்கை உள்ளறையில் காத்திருந்தாள். பதினொன்றரைக்கு அவள் என்னை அழைத்தாள்.

"அண்ணே, கேக்குதா?"

கேட்டது. கூடத்தில் நின்றாலும் கேட்கும் போலிருந்தது. தாயார் என் முகத்தையே பார்த்தார். நான் இன்னொரு மாத்திரையை எடுத்தேன்.

"டாக்டரு வேணாம்னாரேண்ணே."

"இன்னைக்கு ஒரு நாள்தானே. போட்டுக்க."

பன்னிரண்டு கடந்து அவர்கள் வந்தனர். அவள் காப்பித் தட்டை ஏந்தி வந்தாள். மூச்சில் சிறு ஓசையும் இல்லை. ஆனால் டம்ளர்கள் டபராக்களில் மோதிக் கலகலவென்று ஒலித்தன. நிறுத்த முயன்றாள், நடுக்கம் மிகுந்தது. மாப்பிள்ளையின் தாயாரது மடியருகே காப்பி சிந்திற்று.

"என்னம்மா, கை இப்புடி நடுங்குது?" என்றார் அவர்.

"வெக்கந்தாங்க" என்றார் என் தாயார்.

"நாங்களும் வெக்கப்பட்டு வந்தவங்கதான். எங்க கையி ஆடலியே!"

உடன் வந்திருந்த பெரியவர், தணிந்த குரலில் என எண்ணி, "வலிப்பு கிலிப்பு இருக்கான்னு கேளு" என்றார். அனைவருக்கும் கேட்டது.

என் தங்கை என்னைப் பார்த்தாள். மாத்திரையைச் சொன்னால் இளைப்பு வெளிப்படும். சொல்லாவிடில் இல்லாத நோயொன்று அவள்மேல் ஏறும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பேச வேண்டியவன் நான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிப்பெல்லாம் இல்லீங்க" என்றாள் அவளே. "எனக்கு மூச்சு எளப்பு. ஒரு மாத்திர போடுற எடத்துல ரெண்டு போட்டுட்டேன். அதான் கை ஆடுது. காப்பி ஆறிடும், எடுத்துக்குங்க."

கொடுத்தவன் நான் என்று அவள் சொல்லவில்லை. அவர்கள் காப்பியை அருந்திவிட்டே எழுந்தனர். அந்த மரியாதையை நான் குறைகூறேன். கலந்து பேசிச் சொல்லியனுப்புவதாகக் கூறிச் சென்றனர். அதன்பின் சொல் ஏதும் வரவில்லை.

மறுவாரம் பேருந்து நிற்குமிடத்தில் பக்கத்து வீட்டு அத்தை என் தங்கையிடம், "தையல் கிளாசுக்காடி?" என்றார். "இல்லத்தே, ஆஸ்பத்திரிக்கு. ஒங்க ரவிக்கையெல்லாம் டவுன்ல ஒரு பாய் தச்சது. எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது" என்றாள். அத்தை திகைத்தார். அன்று முதல் கஷாய அடுப்பு கொட்டகையை விட்டு வீட்டிற்குள் வந்தது. நோய் குறைந்துவிடவில்லை, ஒளிவு மட்டுமே நீங்கிற்று. வேறு வரன்களும் அமையவில்லை.

எண்பதுகளின் நடுவில், வாயில் வைத்து அழுத்தி உள்ளிழுக்கும் மருந்துக் குப்பி ஒன்றை அந்தக் காரைக்கால் மருத்துவரே கொடுத்தார். ஒரு தைக் காலைப்பொழுதில், இளைப்பு மிஞ்சியபோது, அவள் அதனை என் முன்னே முதன்முறையாகப் பயன்படுத்தினாள். சில நிமிடங்களில் மூச்சு சீராயிற்று. அவள் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். அது ஏறக்குறைய அசையாதிருந்தது.

"இது அப்பவே வந்திருந்தா, அன்னைக்கு நீ பேசியிருப்பியாண்ணே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

களத்தில் நெல் காய்கிறது, கிளறிவிட வேண்டும் என்று சொல்லி எழுந்தேன்.

"சரி, அந்த சன்னலச் சாத்திட்டுப் போ. தூசி வரும்" என்றாள்.

சாத்திவிட்டுச் சென்றேன்.