பஸ்ஸில் நான் நீட்டிய பேரீச்சம்பழம்

இன்று காலை ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் ஒரு தாயும் மகளும். சிறுமி வெளிறியிருந்தாள்.

யாரும் கேட்காமலே பேரீச்சம்பழத்தை நீட்டி, "தினமும் முருங்கைக்கீரை கொடும்மா, ரத்தம் ஊறும்" என்றேன்.

"வேணாங்கம்மா. இவளுக்குத் தலசீமியா. மாசாமாசம் ரத்தம் ஏத்துறோம். அதுலயே இரும்பு அதிகமா சேந்துடுதுங்க."

பள்ளியில் உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை செய்பவளாம், அந்த மொழியிலேயே விளக்கினாள்.

"வயித்துல இருக்கறப்ப ரத்தத்துக்கு வேற லைன் ஓடுதுங்க. பொறந்து கொஞ்ச மாசத்துல ஒரு புரோட்டீன் டிஎன்ஏ மேல போய் உக்காந்து அந்த லைனை மூடிடுது. இவளுக்குப் புது லைன்தான் பழுது. அந்தப் புரோட்டீனை அடக்கிட்டா பழைய லைனே ஓடுமாம். வெளிநாட்டுல செய்யறாங்க. இங்கயும் வரும்னு டாக்டர் சொல்றாரு."

"அந்த வைத்தியம் வந்ததும் பழம் குடுங்க பாட்டி" என்றாள் சிறுமி, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி என்று வாக்குக் கொடுத்து, அவர்கள் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

கேட்காமல் வைத்தியம் சொல்வதை இன்றோடு விட்டுவிட்டேன். இதைப் படிக்கும் நீங்களும் என் மூட்டுவலிக்கு எண்ணெய் எழுதி அனுப்புவதை நிறுத்துவீர்களா?